லூதாத் பாலத்துப் பலகை

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் புளிப்புச் செர்ரிப்பழ சூப் சாப்பிட்டோம். கிணற்றில் இறக்கிக் குளிரவைத்த சூப். என் மகள் எதெல்கா கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் தன்னுடையதையும் என்னுடையதையும் தன் கணவனுடையதையும் ஒரே பார்வையில் கூட்டி, நாற்பத்தேழு என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழுதான். சிறுவயதிலிருந்தே அவளுக்குக் கூட்டல் கழித்தல் அப்படி வரும். எட்டு வயதில் என் மருந்துக் கலவைகளின் அளவைச் சரிபார்த்துச் சொல்வாள். அன்று அவளுக்கு ஒன்பதாவது மாதம். பாதங்கள் வீங்கியிருந்ததால் கணவனின் செருப்பைப் போட்டிருந்தாள்.

ஆணையர் அவர்களே, தாங்கள் அனுப்பிய தாளில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றாம் ஆண்டு ஜூன் மாதம் லூதாத் கிராமத்தில் இறந்த பசுவுக்கு வெக்கை நோய் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் இருந்ததா, இல்லையா. பதிலுக்கு அரை வரி இடம் விட்டிருக்கிறீர்கள். அரை வரியில் அடங்காததால் தனித்தாளில் எழுதுகிறேன். இந்தத் தொகுதியின் தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி எதிர்க்கட்சியினர் மனுக் கொடுத்திருப்பதும், அந்த மனு முழுவதும் ஒரு பசுவின் மீது நிற்பதும் எனக்குத் தெரியும். பெரெக்வார் வட்டார வைத்தியனாகப் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கிறேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் பழக்கம் உள்ளவன்.

லூதாத் பற்றித் தெரியாமல் பசுவைப் பற்றிப் புரியாது. கூர்த் ஆறு அந்த ஊரை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. நான்காவது பக்கம் சதுப்பு. வெளியே வர ஒரே ஒரு மரப்பாலம். ஊரில் ஆயிரத்து நானூறு பேர். அவர்களில் தேர்தல் மேசைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்லும் உரிமை பெற்றவர்கள் அறுபத்தொருவர். ஒரு முழு உழவர் பங்கில் கால் பங்கு நிலமாவது உள்ளவர்கள். எனக்கு நிலம் கிடையாது. பட்டம் படித்திருப்பதால் வாக்கு உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு படித்தவன் அன்று எப்படி நடந்துகொண்டான் என்பது தங்களுக்குப் பயன்படலாம்.

அந்த அறுபத்தொருவரும் வழக்கறிஞர் தெகேஷின் ஆட்கள். அதாவது எதிர்க்கட்சி வேட்பாளரின் பக்கம். தேர்தலுக்குத் தேர்தல் தொப்பியில் இறகு குத்திக்கொண்டு, முன்னால் கொடியும் பின்னால் வயலினுமாக வண்டிகளில் வந்து, ஒருவர் பின் ஒருவராக மேசைக்கு முன் நின்று ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். சாராயம் கொடுத்தாலும் குடித்துவிட்டு அதே பெயரைத்தான் சொல்வார்கள். அவர்களுக்குத் தலைவன் என் மருமகன் பெர்சே கஷ்பார். நல்ல உழைப்பாளி. என் மகளிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அரசியலில் மட்டும் அவனுக்குப் புத்தி மட்டு.

எங்கள் ஆளுங்கட்சி வேட்பாளர் பாரன் ஓர்லோசி என்ற பிரபு. அவரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவருக்காக இந்தத் தொகுதியின் பொறுப்பை ஏற்றிருந்தவர் வட்டார அதிகாரி செரேதி. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு அவர் என்னைத் தன் வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்து, ரோஜாச் செடிகளைக் காட்டிக்கொண்டே, லூதாத் பாலம் தேர்தல் நடக்கும் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மூடியிருந்தால் ஊருக்கு நல்லது என்றார். பாலத்தை உடைப்பது அநாகரிகம். ஒரு காரணம் வேண்டும். மாகாணத் தலைமை வைத்தியர் பதவி அக்டோபரில் காலியாகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். இரண்டையும் அவர் இணைத்துப் பேசவில்லை. நானும் இணைத்துக் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அம்மை என்று சொல்லலாமே என்றார். முடியாது என்றேன். மனித நோய் என்றால் ஒரு நோயாளியைக் காட்ட வேண்டும். நோயாளிக்கு வாய் இருக்கும், சொந்தக்காரர்கள் இருப்பார்கள், அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவன் தெகேஷின் குமாஸ்தாவாக இருப்பான். என் தொழிலின் கௌரவம் கருதி அதை மறுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சூப்புக்குப் பிறகு எதெல்கா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆம்பளைப் பிள்ளைன்னா இவனுக்கு ஓட்டு உண்டாப்பா?"

"உன் வீட்டுக்காரன் நிலத்தை வித்துத் தின்னாம இருந்தா உண்டு."

"பொண்ணுன்னா?"

"பொண்ணுன்னா அந்தக் கேள்வியே கிடையாது."

"அப்போ பொண்ணே பிறக்கட்டும். வீட்டுல ஒருத்தராவது தேர்தல் கறிக்குழம்பைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்காம இருக்கலாம்."

கஷ்பார் சிரித்தான். செவ்வாய்க்கிழமை என் வீட்டு வாசல் வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்றும், எனக்காக வயலின்காரர்களைக் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்வதாகவும் சீண்டினான். நான் கிளம்பும்போது அவனேதான் சொன்னான்: "மாமா, நம்ம மருத்துவச்சி போரிஷோட பசு நேத்து செத்துப்போச்சு. அழுதுக்கிட்டே கிடக்கா. போற வழியில ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. நீங்க பாத்தா அவளுக்கு ஒரு ஆறுதல்."

இந்த வட்டாரத்தில் கால்நடை வைத்தியர் கிடையாது. சட்டப்படி அந்த வேலையும் என்னுடையது. போய்ப் பார்த்தேன். ரிஷ்கா என்ற சிவப்புப் பசு. வயிறு பீப்பாய் போல ஊதியிருந்தது. கடைவாயில் பச்சை. மழையில் நனைந்த குதிரைமசால் தீவனப்பயிரை வேலியைத் தாண்டிப்போய் வயிறு முட்டத் தின்றிருக்கிறது. போரிஷ் தலைத்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பேராசைக்காரி டாக்டரய்யா. தின்னே செத்தா. நோய்நொடின்னு ஒருநாள் படுத்ததில்லே."

அவள் சொன்னது சரியான நோய்க்கணிப்பு. நானும் அதையேதான் நினைத்தேன். பெரெக்வார் திரும்பும் வழியில், ஆற்றங்கரைப் பாப்ளர் மரங்களைத் தாண்டும்போதுதான் வேறொன்றும் தோன்றியது. பசுவுக்கு வாய் இருக்கிறது, ஆனால் பேசாது. வெக்கை நோய்ச் சட்டம் மனித நோய்ச் சட்டங்களைவிட எவ்வளவோ கடுமையானது. அம்மை கண்ட ஊரிலிருந்து மனிதன் வெளியே வரலாம், மாட்டு வெக்கை கண்ட ஊரிலிருந்து வரக்கூடாது. கடைசி மாடு செத்து இருபத்தொரு நாள் வரை மனிதன், நாய், கோழி, வைக்கோல் எதுவும் பாலத்தைக் கடக்க முடியாது. இந்த நாட்டில் மனிதனைவிட மாட்டைச் சட்டம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். அன்று முதல்முறையாக அது வசதியாக இருந்தது.

செரேதியிடம் சொன்னபோது முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "மாடா? ஓர்லோசி குடும்பத்துக்காக ஒரு மாட்டை முன்னால நிறுத்தறதா?" என்றார். சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் எனக்கு ஒரு சுருட்டு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை கோட்டையிலிருந்து முப்பது சிப்பாய்கள் வந்தார்கள். செக் நாட்டுக்காரர்கள். எங்கள் மொழியில் ரொட்டி, தண்ணீர் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் தெரியாதவர்கள். மொழி தெரியாத சிப்பாயிடம் கெஞ்ச முடியாது என்று செரேதி யோசித்துக் கேட்டு வாங்கியிருந்தார். அவர்களின் கார்ப்பரல் வொந்த்ராச்செக் என்பவனுக்கு மட்டும் கொஞ்சம் ஜெர்மன் வாசிக்கத் தெரியும். உத்தரவுகளை நான் ஜெர்மனில் பதினான்கு பிரிவுகளாக எழுதிக் கொடுத்தேன். பசுவைத் தொட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். கடிதம் வெளியே வந்தால் இடுக்கியால் வாங்கி, புகை உள்ளே போகும்படி ஊசியால் துளைத்து, தொற்று நீங்கக் காடிப்புகையில் கால் மணி நேரம் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். யாராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு பலகையும் நட்டோம். மஞ்சள் வண்ணத்தில் கறுப்பு எழுத்து: "மாட்டு வெக்கை. உள்ளே செல்லாதே. வெளியே வராதே. இந்தப் பலகையை அகற்ற வட்டார வைத்தியரின் எழுத்து உத்தரவு தேவை." எழுத்து என்னுடையதுதான். தச்சனுக்கு எழுத்து கோணலாக வரும் என்பதால் நானே தூரிகையை வாங்கி எழுதினேன்.

என் திட்டம் எளிமையானது. புதன்கிழமை காலை நானே மறுபரிசோதனை செய்து, வெக்கை இல்லை, வெறும் வயிற்று உப்புசம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அடைப்பு முடிந்துவிடும். தவறு செய்து திருத்திக்கொண்ட வைத்தியன் என்று என்னைப் பற்றி நாலு பேர் சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ள நான் தயாராக இருந்தேன்.

என் மகளை முன்னதாகவே அழைத்து வந்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டாள். திங்கட்கிழமை விடியும்போது வண்டி பூட்டப்பட்டு நின்றது. நானும் அதைப் பற்றி யோசித்தேன். ஆனால் அடைப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு வைத்தியர் தன் மகளை மட்டும் வெளியே கொண்டுவந்தால் ஊர் என்ன நினைக்கும்? அடைப்பை நம்புமா? மேலும் என் கணக்குப்படி அவளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தலைப்பிரசவம் பொதுவாகத் தள்ளித்தான் போகும். வண்டியை அவிழ்க்கச் சொன்னேன். பொதுக் காரியத்தில் சொந்தபந்தம் பார்க்கக்கூடாது என்பது என் கொள்கை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குப் பெரெக்வார் பள்ளிக்கூடத்தில் வாக்கெடுப்பு தொடங்கியது. நான் எங்கள் கட்சியின் அடையாளம் காட்டுபவனாக மேசையில் அமர்ந்தேன். வருபவன் உண்மையிலேயே பட்டியலில் உள்ளவன்தானா என்று சொல்லும் வேலை. இந்த வட்டாரத்தில் எல்லோருடைய நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாத முகம் இல்லை. ஒவ்வொருவரும் வந்து பெயரைச் சொல்ல, பள்ளி ஆசிரியர் எழுத, என் முன்னால் இருந்த தாளில் நான் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வாக்காளர்களை முந்தின நாளே மூன்று விடுதி முற்றங்களில் வைத்துப் பூட்டியிருந்தோம். வெளியே விட்டால் மறுபக்கத்துச் சாராயத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களும் அடைக்கப்பட்டவர்கள்தான். அவர்களுக்கு இசை இருந்தது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒன்பதரை மணிக்கு முதல் சீட்டு வந்தது. ஊசித் துளைகளோடு, காடி வாடையோடு. கஷ்பார் எழுதியிருந்தான். விடியற்காலையில் வலி கண்டுவிட்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது, சிப்பாய்கள் வண்டியை வெளியே விடவில்லை, மாமா வரவேண்டும் என்று நான்கு வரி. கணக்கு பத்து நாள் தவறிவிட்டது. நான் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். தலைப்பிரசவம் பதினெட்டு மணி நேரம் எடுக்கும். பதினெட்டு மணி நேரத்துக்குள் எந்தத் தேர்தலும் முடிந்துவிடும். இதில் பதற்றப்பட ஏதுமில்லை.

தெகேஷின் ஆட்கள் வாசலில் நின்று லூதாத் வண்டிகளுக்காகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேசைப் பக்கம் வந்து என்னிடம், "டாக்டர், செத்த மாட்டுக்கு ஓட்டுப் போடற உரிமை உண்டா?" என்று கேட்டான். "அதுக்குக் கால் பங்கு நிலம் இருந்தா உண்டு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த நேரத்தில் மனநிலை அப்படித்தான் இருந்தது.

ஒரு மணிக்கு இரண்டாவது சீட்டு வந்தது. இது எதெல்காவின் கையெழுத்து. பென்சிலால் எழுதியது, வரிகள் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. அதை அப்படியே தருகிறேன்.

"அப்பா, போரிஷ் கொல்லை வேலி ஏறி வந்துட்டா. குழந்தை குறுக்கே கிடக்காம். ஒரு கை வெளியே வந்திருக்கு. தன்னால திருப்ப முடியாதுங்கறா. இவர் ஊர்ல எல்லார்கிட்டயும் பேசிட்டார். அறுபத்தோரு பேரும் கோயில்ல நின்னு சத்தியம் பண்ணிட்டாங்க, இன்னிக்கு யாரும் ஓட்டுப் போட வரமாட்டோம்னு. பாலத்தைத் திறந்துவிட்டாக்கூட வரமாட்டாங்களாம். நீங்க மட்டும் வாங்கப்பா."

ஆணையர் அவர்களே, தாங்கள் மருத்துவர் அல்ல என்பதால் ஒன்று விளக்குகிறேன். குழந்தை குறுக்கே கிடந்து கை இறங்கினால், வைத்தியன் கையை உள்ளே விட்டுக் காலைப் பிடித்துத் திருப்ப வேண்டும். சீக்கிரம் செய்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்படி முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் திருப்பியிருக்கிறேன். இரண்டைத் தவிர எல்லாம் பிழைத்தன. நேரம் போகப் போகக் கருப்பை இறுகிக்கொள்ளும். பிறகு கை நுழையாது. நுழைத்தால் கிழியும். பெரெக்வாரிலிருந்து லூதாத் என் குதிரைக்கு ஐம்பது நிமிடம்.

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். செரேதி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீட்டைக் காட்டினேன். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துவிட்டு, காகிதத்தைப் பக்குவமாகப் பிடித்து இரண்டு முறை படித்தார்.

"எத்தனை மணி நேரம் தாங்கும்?"

"சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா தாங்கவும் தாங்கலாம். இல்லையா டாக்டர்?"

"தாங்கலாம்."

"நான் உங்களைத் தடுக்கலே. போறதுன்னா இப்பவே போங்க. ஆனா நீங்க பையைத் தூக்கிட்டு லூதாத் ரோட்டுல திரும்பினா தெகேஷோட ஆளுங்க அம்பது பேர் பின்னாலயே வருவாங்க. நீங்க பாலத்துல உள்ளே போய் வெளியே வந்தீங்கன்னா, அந்த மாட்டுக்கு ஒண்ணுமில்லேன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இது பதிவாக வேண்டும். மனுவில் என்னை அவருடைய கைப்பாவை என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. முடிவு என்னுடையது.

சத்தியத்தைப் பற்றி நான் நன்றாகவே யோசித்தேன். அறுபத்தொரு பேர் கோயிலில் நின்று செய்த சத்தியம். ஆனால் நெருக்கடியில் வாங்கிய சத்தியம் சட்டப்படி செல்லாது. மேலும், ஒரு குடிமகன் தன் வாக்குரிமையை ஒரு பெண்ணின் பிரசவத்துக்காக விட்டுக்கொடுப்பதை ஒரு படித்தவன் ஊக்குவிக்கலாமா? அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் நான் பங்கெடுத்தால் அது தேர்தல் ஊழல் ஆகாதா? இப்படியெல்லாம் யோசித்தபடி மேசைக்குத் திரும்பி, நான் போரிஷுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எப்படிப் படுக்கவைக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே எத்தனை தலையணை, வலிக்கு எத்தனை சொட்டு அபின், கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பதெல்லாம். கடிதம் மிகத் தெளிவாக இருந்தது. இன்று எழுதினாலும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். போரிஷுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கஷ்பார் படித்துச் சொல்லியிருக்கிறான். உள்ளே போகும் கடிதத்துக்குப் புகை காட்ட வேண்டுமா என்பது என் பதினான்கு பிரிவுகளில் இல்லை. கார்ப்பரல் நல்ல சிப்பாய், சந்தேகத்துக்கு அதற்கும் கால் மணி நேரம் காட்டினான்.

பிறகு என் வேலையைப் பார்த்தேன். மூன்று மணிக்கு என் முறை வந்தது. எழுந்து நின்று, என் பெயரைச் சொல்லி, பாரன் ஓர்லோசி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் குரல் நடுங்கியதாக ஒரு சாட்சி சொல்லியிருக்கிறார். நடுங்கவில்லை. ஆசிரியரைக் கேளுங்கள், முதல் தடவையிலேயே சரியாக எழுதிக்கொண்டார்.

நாலே கால் மணிக்கு, புதிதாக யாரும் வராததால் வாக்கெடுப்பு முடிந்தது என்று அறிவித்தார்கள். தெகேஷின் ஆட்கள் லூதாத் வரட்டும் என்று கத்தினார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குதிரையை இதுவரை நான் அப்படி ஓட்டியதில்லை.

பாலத்தில் கார்ப்பரல் வொந்த்ராச்செக் என்னை நிறுத்தினான். மரியாதையாகச் சலாம் வைத்துவிட்டு, பதினான்கு பிரிவுகளை நீட்டி, ஒன்பதாவதின்மேல் விரலை வைத்தான். யாராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. எழுதியவன் நான்தான் என்று ஜெர்மனில் சொன்னேன். அப்படியென்றால் எழுத்தில் உத்தரவு தாருங்கள் என்றான். பாலத்துக் கைப்பிடியின்மேல் தாளை வைத்து, ஹல்மாய் வின்ட்சே என்ற வைத்தியரை உள்ளே விடலாம் என்று ஹல்மாய் வின்ட்சே ஆகிய நான் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு என் காலணிகளைச் சுண்ணாம்பு நீரில் முக்கச் சொன்னான். முக்கினேன். அவன்மேல் எனக்குக் குறையில்லை. இந்த விவகாரத்தில் எழுதியபடி நடந்தவன் அவன் ஒருவன்தான்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. அறுபத்தொரு பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. இறகுகள் இன்னும் தொப்பியிலேயே இருந்தன. எனக்கு வழிவிட்டார்கள். கஷ்பார் கட்டிலருகே நின்றான். அவனுடைய வலது கை தொங்கியது. காலையில் பாலத்தில் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததில் தோளெலும்பு முறிந்திருந்தது. அந்தக் கையால்தான் முதல் சீட்டை எழுதியிருக்கிறான். எழுத்து கோணலாக இருந்ததை நான் அவசரம் என்று நினைத்திருந்தேன்.

வயிற்றில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. கருப்பை கிழிந்திருந்தது. வலி நின்றுபோயிருந்தது. வலி நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் நல்லது என்று நினைப்பார்கள். வைத்தியனுக்கு மட்டும் தெரியும். எதெல்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் மெழுகு போல இருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தது.

"ஜெயிச்சாச்சாப்பா?"

"ஜெயிச்சாச்சும்மா."

"எவ்வளவு வித்தியாசம்?"

"இருநூத்திப் பன்னெண்டு."

கொஞ்ச நேரம் மேற்கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. அவள் கணக்குப் போடும்போது அப்படி அசையும்.

"அப்போ எங்க அறுபத்தோரு பேரும் வந்திருந்தாக்கூட..." என்றாள். முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆறு மணி சுமாருக்கு இறந்தாள். வெளியே நல்ல வெயில் இருந்தது.

பிறகு எடுத்த, உயிரில்லாத குழந்தை பெண். வாக்காளர் பட்டியலில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

வித்தியாசம் அவ்வளவு வரும் என்று அன்று மதியம் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று நான் செரேதியிடமும் என் மனைவியிடமும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளில் உண்மையை எழுதுவதாக உறுதி கூறியிருப்பதால் ஒரு திருத்தம். இரண்டாவது சீட்டு வந்தபோது என் முன்னால் இருந்த தாளில் கோடுகளின் வித்தியாசம் நூற்று நாற்பது. மீதமிருந்த மூன்று ஊர்களும் எங்களுடையவை. அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து முற்றத்தில் பூட்டப்பட்டு, வயலின் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லூதாத் வந்தாலும் வராவிட்டாலும் பாரன் ஓர்லோசி ஜெயித்துவிட்டார் என்பது ஒரு மணிக்கே கண்ணுக்கு முன்னால் இருந்தது. கடிதத்தை எழுதி மடிக்கும்போதும் அந்தத் தாள் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. ஆனால் கழித்துப் பார்ப்பது அடையாளம் காட்டுபவனின் வேலை அல்ல. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை கோடு போடுவது.

அக்டோபரில் தலைமை வைத்தியர் பதவி பாரனின் தங்கை மகனுக்குக் கிடைத்தது. பல் வைத்தியம் படித்தவர். நான் வாழ்த்துக் கடிதம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அடக்கம் நடந்தது. அதற்கு முன்பே சிப்பாய்கள் போய்விட்டார்கள். வேறு தொகுதியில் தேர்தல், அவர்கள் அங்கே தேவைப்பட்டார்கள். நானும் மனைவியும் கறுப்பு உடுத்துப் போனபோது கஷ்பார் பாலத்தின் மறுமுனையில், கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நின்றான். என் மனைவியின் கையைப் பிடித்து அவளை உள்ளே அழைத்துக்கொண்டான். பிறகு என்னிடம் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்பதுபோல மெதுவாகச் சொன்னான்.

"மாமா, நீங்க அந்தப் பலகையைத் தாண்டாதீங்க. இங்கே வெக்கை இருக்குன்னு எழுதினது நீங்க. இல்லேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் வரவேண்டாம்."

நியாயமான பேச்சு. அவனிடம் நான் முதல்முறையாகச் சட்ட அறிவைக் கண்டேன்.

புதன்கிழமை எழுத வேண்டிய மறுபரிசோதனை அறிக்கையை நான் எழுதவில்லை. பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேதி, ஊர், பசுவின் நிறம் வரை எழுதிவிடுவேன். வெக்கை நோய் இல்லை என்று எழுதினால், அதே தாளில் இன்னொன்றும் எழுதப்பட்டதாகிவிடும். வெக்கை இருந்தது என்று இருக்கும்வரை என் மகள் சட்டப்படியான ஒரு அடைப்பின்போது துரதிர்ஷ்டவசமாக இறந்தவள். வைத்தியனாக என் கடமைக்கும் தகப்பனாக என் அன்புக்கும் நடுவே அகப்பட்டவன் நான் என்று ஊரில் சிலர் இரக்கப்படுகிறார்கள். அவர்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பசுவுக்கு வெக்கை நோய் இல்லை. ஈரக் குதிரைமசாலைத் தின்று வயிறு ஊதிச் செத்தது. அதைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். இது தங்களுடைய தகவலுக்காக நான் எழுதும் தனிக் கடிதம். வட்டார வைத்தியரின் அதிகாரபூர்வ உத்தரவு அல்ல. அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி கல்லறைக்குப் போகும்போது நான் வண்டியை ஓட்டிக்கொண்டு பாலம் வரை போவேன். இந்தப் பக்கம் இறங்கி, அவள் திரும்பி வரும்வரை கைப்பிடியில் சாய்ந்து நிற்பேன். லூதாத் மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு பலகையைச் சுற்றிப் போகிறார்கள், வருகிறார்கள். போரிஷிடம் இப்போது வேறொரு பசு இருக்கிறது. யாரும் என்னைப் பார்த்துத் தொப்பியை எடுப்பதில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதில்லை. சட்டத்தை மீறி அந்தப் பலகையை நான் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை என்பதற்கு அவர்கள் எல்லோரும் சாட்சி.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நல்ல எண்ணெய் வண்ணம் என்பதால் எழுத்து அழியவில்லை. பலகை அங்கேயேதான் இருக்கிறது. அதை அகற்ற வட்டார வைத்தியரின் கையெழுத்து வேண்டும்.